மங்கோலியருக்கும் சோழமண்டலக் கரைக்கும் தொடர்பு இருந்ததா?

கேள்வி (கும்பகோணம்):
செங்கிஸ்கானின் பேரன் குப்லாய்கான் 1279இல் சீனம் முழுவதையும் வென்றடக்கிய அதே காலத்தில்தான் இங்கே சோழர் ஆட்சியும் முடிந்தது. மங்கோலியப் பேரரசுக்கும் நம் கரைக்கும் ஏதேனும் தொடர்பு இருந்ததா?

மறுமொழி (நாகப்பட்டினம்):
இருந்தது, ஐயா; ஆனால் படையெடுப்பால் அன்று, கடல் வணிகத்தால். சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சம்பந்தப் பெருமாள் என்பவர் கானின் உடல்நலம் வேண்டி அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்ததைக் கூறுகிறது. தேவாரத் தலங்களுக்கிடையே வாழும் நமக்கு இது வியப்புதான்.

மறுமொழி (திருவாரூர்):
குப்லாயிடம் பணியாற்றிய மார்க்கோ போலோ, 1290களில் மங்கோலியர் ஆண்ட பாரசீகத்துக்குக் கடல்வழியே திரும்பியபோது நம் கரையைப் பற்றிய செய்திகளைத் திரட்டினார். பாண்டியர் குதிரை இறக்குமதிக்குக் கொட்டிய பெரும்பொருளையும், அக்குதிரைகள் பராமரிப்பின்றி மடிந்ததையும் அவர் குறித்துள்ளார்.

கேட்டவர்:
நன்றி. கல்வெட்டின் முழு வாசகத்தையும் தேடிப் படிக்கிறேன்.