இசட்4-க்கு எந்த ஆயில்? காலையில் கடகட சத்தம், மலை ஏற்றத்தில் இழுவை இல்லை

தோட்டத்துக்காரன், கொழிஞ்சாம்பாறை
வணக்கம் அண்ணன்மாரே. பழைய பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்று கைக்கு வந்திருக்கிறது. எஸ்டிரைவ்35ஐ, இரட்டை டர்போ என்54 இன்ஜின். இங்கே பக்கத்திலேயே ஆயில் மாற்றினேன். அப்புறம் தொடங்கியது வினை. காலையில் ஸ்டார்ட் செய்தால் சில நொடிகள் கடகடவென்று சத்தம், சூடாகும் வரை ஐடில் நடுங்குகிறது. போத்துண்டி தாண்டி நெல்லியாம்பதி ஏறும்போது இழுவையே இல்லை, இன்ஜின் விளக்கும் எரிந்தது. ஸ்கேனரில் 2ஏ82 என்று வருகிறது.

ஊற்றியது 20டபிள்யூ-50. "பாலக்காட்டு வெயிலுக்கு இதுதான் தாங்கும்" என்கிறார் மெக்கானிக். கள்ளு ஏற்றும் பிக்கப் வண்டிகளெல்லாம் அவரிடம்தான் வரும், கை நல்ல கை. ஆனால் புத்தகத்தில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. எதை நம்புவது?

கோபாலபுரம் செக்போஸ்ட்
தம்பி, மெக்கானிக் சொல்வதுதான் சரி. 2024 ஏப்ரலில் பாலக்காட்டில் 41 டிகிரி தாண்டியது. புத்தகம் எழுதியவன் ஜெர்மனிக்காரன், அவனுக்கு நம் வெயில் எங்கே தெரியும்? 30 போட்டால் தண்ணீர் மாதிரி ஓடிவிடும்.

செட்டிபாளையம் வளைவு
அண்ணா, வெளியே 41 இருந்தாலும் 25 இருந்தாலும் இன்ஜின் சூடான பிறகு உள்ளே ஆயில் 100 டிகிரிக்கு மேல்தான். தெர்மோஸ்டாட் எதற்கு இருக்கிறது? வெயிலால் வரும் வித்தியாசம் கொஞ்சம்தான். டர்போவை அழுத்தி ஓட்டினால் வரும் சூடுதான் பெரிது.

தம்பிக்கு ஒரு விளக்கம். டபிள்யூவுக்குப் பின்னால் உள்ள எண் 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மை. எஸ்ஏஇ ஜே300 அட்டவணைப்படி 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3-க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9-க்குள். முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு. நம் ஊரில் பனி இல்லையே, அது எதற்கு என்று விட்டுவிடாதீர்கள். விடியற்காலை 25 டிகிரியில் 20டபிள்யூ-50 மினரல் ஆயில் உங்கள் இன்ஜினுக்குக் கூழ்தான். 40 டிகிரியில் அளந்தாலே நல்ல 0டபிள்யூ-40 ஒன்றைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டி.

2ஏ82 இன்டேக் வானோஸ் கோடு. வானோஸ் என்றால் வால்வு திறந்து மூடும் நேரத்தை மாற்றும் அமைப்பு. அதில் கேம்ஷாஃப்டின் கோணத்தை மாற்றுவதே ஆயில் அழுத்தம்தான், ஆயில் போகும் சொலினாய்டில் (மின்சார வால்வில்) வழி குறுகல். டீசல் பிக்கப்புக்கு 15டபிள்யூ-40 ஊற்றிப் பழகிய கைக்கு இது புது விஷயமாக இருக்கலாம்.

சரி, எத்தனை லிட்டர் ஊற்றினார்கள்?

தோட்டத்துக்காரன்
ஒரு கேன், 5 லிட்டர். ஸ்கிரீனில் ஆயில் சேர்க்கச் சொல்லி ஒரு மெசேஜ் வந்தது. சென்சார் கோளாறு என்று சொல்லிவிட்டார்கள்.

செட்டிபாளையம் வளைவு
ஐயோ. என்54-க்கு ஃபில்டரோடு 6.5 லிட்டர் வேண்டும். உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக்கும் கிடையாது, இழுத்துப் பார்க்கவும் வழியில்லை. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது! இனி மலைப்பக்கம் போகவேண்டாம், வடித்துவிட்டு மாற்றும் வரை வண்டி நிற்கட்டும். மேலே ஒன்றரை லிட்டர் ஊற்றிச் சமாளிக்கவும் வேண்டாம்.

கோபாலபுரம் செக்போஸ்ட்
அளவு குறைந்தது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் 30 எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

வாளையார் ஸ்பேனர்
எண்ணை மட்டும் பார்த்தால் இந்தச் சண்டை தீராது. கேனின் பின்பக்கம் பாருங்கள். பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-01 அங்கீகாரம் என்று இருக்கவேண்டும். அந்த அங்கீகாரம் உள்ள 5டபிள்யூ-30, 150 டிகிரி சூட்டிலும் அழுத்தத்திலும் குறைந்தது 3.5 மில்லிபாஸ்கல்-நொடி கெட்டித்தன்மையோடு படலம் பிடிக்கும். மைலேஜுக்காக வரும் மெல்லிய 5டபிள்யூ-30 அப்படி இல்லை, அதற்கு 2.9 போதும். இரண்டு கேனிலும் முன்னால் ஒரே எண்தான்! லாங்லைஃப்-01 எஃப்இ என்பது வேறு, அதை எடுக்காதீர்கள். ஜாசோ எம்ஏ என்று இருந்தால் அது பைக் ஆயில்.

கோபாலபுரத்து அண்ணனின் மனசுக்கும் ஒரு வழி இருக்கிறது: அதே அங்கீகாரத்தில் 0டபிள்யூ-40. கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் சுற்றுகிறவர்களுக்கும் மலையேறுகிறவர்களுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஊருக்குள் ஓட்ட 5டபிள்யூ-30 தாராளம்.

மாற்றும்போது ஃபில்டரும் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங்கும் புதிது. மூடிக்கும் வடிகால் போல்ட்டுக்கும் 25 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் முறுக்கினால் பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும். வானோஸ் சொலினாய்டு இரண்டும் இன்ஜின் முன்பக்கம் இருக்கும். கழற்றிக் கழுவி, ஒன்றின் இடத்தில் மற்றதை மாற்றி மாட்டுங்கள். கோடு எக்ஸாஸ்ட் பக்கம் 2ஏ87 ஆக மாறினால் சொலினாய்டு போய்விட்டது. 2ஏ82 ஆகவே நின்றால் வேறு இடத்தில் தேடவேண்டும்.

தோட்டத்துக்காரன்
கோயம்புத்தூரில் 0டபிள்யூ-40 வாங்கி, ஃபில்டரோடு மாற்றியாயிற்று. சமதரையில் சூடாக்கி அளவும் பார்த்தோம், நிறைந்திருக்கிறது. சொலினாய்டும் கழுவி இடம் மாற்றினோம். சத்தம் போய்விட்டது, இரண்டு கோடும் வரவில்லை. ஒரே ஒரு சந்தேகம்: ஃபில்டர் ஹவுசிங் அடியில் ஈரமாக எண்ணெய்க் கசிவு தெரிகிறது.

வாளையார் ஸ்பேனர்
ஹவுசிங் கேஸ்கெட். இந்த இன்ஜினுக்கு வழக்கமான வியாதிதான், தள்ளிப்போடாதீர்கள். கசிவு கீழே உள்ள பெல்ட்டில் இறங்கினால் பெல்ட் நைந்து கிராங்க் சீல் வழியாக இன்ஜினுக்குள் போய்விடும். அப்புறம் ஆயில் பேனைக் கழற்றித் துண்டு துண்டாக எடுக்கவேண்டிவரும். வண்டி அந்த ஈரத்தோடு ஓடவேண்டாம்.

கோபாலபுரம் செக்போஸ்ட்
மாற்றும்போது பெல்ட்டையும் சேர்த்தே மாற்றிவிடு தம்பி.