லோடோட ட்ரெய்லரை கழட்டி நிறுத்தினா இன்சூரன்ஸ் கவர் ஆகுமா? பூட்டு விஷயத்துலயும் சந்தேகம்

ட்ரெய்லர்ஓனர்: எல்லாருக்கும் வணக்கம். லோடு இறக்குற பார்ட்டி குடோன் வெள்ளிக்கிழமை மூடினா திங்கள்தான் திறக்குறாங்க, அதுவரைக்கும் ஹார்ஸ் (ட்ரெய்லரை இழுக்குற முன் வண்டி) சும்மா நிக்கக்கூடாதுன்னு ட்ரெய்லரை மட்டும் லோடோட கழட்டி பக்கத்துல இருக்குற காலி கிரவுண்ட்ல விட்டுட்டு ஹார்ஸை வேற லோடுக்கு அனுப்பலாம்னு நினைக்கிறேன். ஏஜென்ட்கிட்ட கேட்டா "கவர் இருக்கு சார், பயப்படாதீங்க"ன்னு போன்ல சொல்றாரு, ஆனா பாலிசியை எடுத்துப் பாத்தா ஆள் இல்லாம நிறுத்தின வண்டிக்கு திருட்டு கவர் கிடையாதுன்னு ஒரு வரி இருக்கு. எதை நம்புறது? பூட்டு என்ன மாதிரி வாங்கணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கிளெய்ம்_டெஸ்க்: சார், பாலிசில எழுதியிருக்குறதுதான் கணக்கு, போன்ல சொன்னது கிளெய்ம் நேரத்துல நிக்காது. முதல்ல ஒண்ணு பாருங்க, வண்டி இன்சூரன்ஸ் வேற, உள்ள இருக்குற சரக்கோட இன்சூரன்ஸ் வேற. ட்ரெய்லர் காணாம போனா வண்டி பாலிசி காசு குடுக்கலாம், சரக்குக்கு ஒரு பைசா வராமலும் போகலாம், ஏன்னா சரக்கு பாலிசிலதான் இந்த மாதிரி கண்டிஷன் அதிகம். கழட்டி நிறுத்தின ட்ரெய்லரைப் பத்தி தனியா எதாவது சொல்லியிருக்கா, ஆள் இருக்கணும்னா கேபின்லயே இருக்கணுமா இல்ல பார்வைல இருந்தா போதுமா, பாதுகாப்பான இடம்னு எதைச் சொல்றாங்க, இந்த மூணையும் தேடிப் படிங்க. நிறைய பாலிசில பாதுகாப்பான இடம்னா சுத்தி வேலி, பூட்டின கேட், வாட்ச்மேன்னு எதிர்பார்ப்பாங்க. காலி கிரவுண்ட் அதுல வராது. கம்பெனிக்கே மெயில் போடுங்க, இந்த இடம், இத்தனை நேரம், இன்ன பூட்டுன்னு எழுதி கவர் உண்டா இல்லையான்னு கேளுங்க, தேவைப்பட்டா பாலிசிலயே சேத்து எழுதி வாங்கிடுங்க.

பழைய_டிரைவர்: தம்பி, பூட்டு விஷயம் நான் சொல்றேன். திருடன் லோடை இறக்கிட்டு இருக்க மாட்டான், சொந்த ஹார்ஸை ரிவர்ஸ்ல கொண்டு வந்து மாட்டி மொத்தமா இழுத்துட்டுப் போயிடுவான், அதனால முதல்ல கிங்பின் லாக், அதாவது ஹார்ஸோட மாட்டுறதுக்கு ட்ரெய்லர் அடில இருக்குற பின்னுக்குப் போடுற பூட்டு. பின் ரெண்டு இன்ச்சா மூணரை இன்ச்சான்னு அளந்துட்டு வாங்கு, மாத்தி வாங்கினா உக்காராது. போடுறதுக்கு முன்னாடி பின்ல இருக்குற பழைய கிரீஸை சுத்தமா தொடைச்சிடு, இல்லன்னா பூட்டின மாதிரி தெரியும் ஆனா முழுசா ஏறியிருக்காது. ஏர் ஹோஸ் மாட்டுற வாய்க்கும் ஒரு பூட்டு இருக்கு, அதையும் போட்டா காத்து ஏத்தி பிரேக்கை விடுவிக்க முடியாது. லாக் போட்ட அன்னைக்கு லேண்டிங் லெக் (கழட்டினதும் ட்ரெய்லர் முன்பக்கத்தைத் தாங்குற காலு) ஹேண்டில்ல சிவப்புத் துணி ஒண்ணு கட்டிவிடு, அடுத்து மாட்ட வர்ற டிரைவர் தெரியாம ஹார்ஸை விட்டா பூட்டும் போகும் கப்ளிங்கும் போகும்.

அப்புறம் அந்த லெக்கு. லோடு இருக்கும்போது முன்பக்க பாரம் பூரா அந்த ரெண்டு காலுலதான் நிக்கும், மண் தரைன்னாலும் வெயில்ல இளகின தாருன்னாலும் மெல்ல மெல்ல இறங்கிடும், திரும்பி வந்தா ஹார்ஸ் அடில போகாது, ஒரு பக்கம் மட்டும் இறங்கினா சாஞ்சே போயிடும். கெட்டியான பலகையோ இரும்பு பிளேட்டோ போட்டு அதுமேல இறக்கு. சக்கரத்துக்கு கட்டை கட்டாயம், ஸ்பிரிங் பிரேக் (காத்து போனா தானா பிடிச்சுக்குற பிரேக்) இல்லாத பழைய ட்ரெய்லர்ல காத்து கசிஞ்சா பிரேக் தானா விட்டுரும்.

ட்ரெய்லர்ஓனர்: ரொம்ப நன்றி அண்ணா. பின் கதவுல சீல் போட்டுத்தான் வருது, அதுக்கு மேல பூட்டு வேணுமா?

பழைய_டிரைவர்: வேணும் தம்பி. சீல் யாராவது தொறந்தாங்களான்னு காட்டிக்குடுக்கும், தடுக்காது. கட்டர் இருந்தா சாதா சீல் ஒரு நிமிஷம் தாங்காது. கதவு சுவரை ஒட்டி இருக்குற மாதிரி ரிவர்ஸ் விடு, கதவைத் தொறக்கவே இடம் இருக்கக்கூடாது, அதைவிட நல்ல பூட்டு கிடையாது.

கிளெய்ம்_டெஸ்க்: போல்ட் சீல் (போல்ட் மாதிரி கெட்டியான இரும்பு சீல்) வாங்குறப்போ சீலுக்கான ஐஎஸ்ஓ 17712 தரம், அதுல 'எச்' வகைன்னு போட்டிருக்கான்னு பாருங்க, அதுதான் உயர்ந்த தரம். சீல் நம்பர் லோடு பேப்பர்ல இருக்குறதும் கதவுல இருக்குறதும் ஒண்ணா இருக்கணும். கழட்டி நிறுத்தினதும் சீல் நம்பர், கிங்பின் லாக், கேட் பூட்டு, நம்பர் பிளேட் எல்லாத்தையும் தேதி நேரத்தோட போட்டோ எடுத்து ஆபீஸ்க்கு அனுப்பிடச் சொல்லுங்க. பூட்டுப் போட்டீங்களாங்கிறது ஒரு கேள்வி, போட்டதுக்கு ஆதாரம் இருக்காங்கிறது இன்னொரு கேள்வி, கிளெய்மை ஆய்வு பண்ண வர்ற சர்வேயர் ரெண்டாவதைத்தான் கேப்பார்.

யார்டு_சூப்பர்வைசர்: ஜிபிஎஸ் ஹார்ஸ்ல மட்டும் இருந்தா இந்த மாதிரி நேரத்துல பிரயோஜனமே இல்ல, ட்ரெய்லர்ல தனியா பேட்டரியோட ஒண்ணு வேணும். பாலிசில டிராக்கர் கண்டிஷன் இருந்தா பேட்டரி செத்துக் கிடந்தாகூட அதைக் காரணமா காட்டுவாங்க, கழட்டுறதுக்கு முன்னாடி சிக்னல் வருதான்னு பாத்துடுங்க. குளிர் வண்டின்னா இன்னும் கவனம், குளிர் மெஷின்ல டீசல் தீந்து சரக்கு கெட்டுப்போறதை நிறைய பாலிசில ஏத்துக்க மாட்டாங்க.

ட்ரெய்லர்ஓனர்: மெயில் போட்டேன், பதில் வந்துருச்சு. கழட்டி நிறுத்தலாம், ஆனா கேட் பூட்டின, ராத்திரி வாட்ச்மேன் இருக்குற காம்பவுண்ட், கிங்பின் லாக் கட்டாயம், திறந்த கிரவுண்டுக்கு கவர் கிடையாதுன்னு தெளிவா எழுதியிருக்காங்க. பார்ட்டிகிட்ட பேசி அவங்க காம்பவுண்டுக்குள்ளயே சுவரை ஒட்டி நிறுத்த இடம் வாங்கிட்டேன். கடைசியா ஒண்ணு, லாக் சாவி டிரைவர்கிட்டயே இருக்கலாமா?

கிளெய்ம்_டெஸ்க்: ஒண்ணு டிரைவர்கிட்ட, இன்னொண்ணு ஆபீஸ்ல, யாரு எப்போ வாங்கினாங்கன்னு ஒரு நோட்ல எழுதி வைங்க. திருட்டு கிளெய்ம்னா எல்லா சாவியையும் கொண்டு வாங்கன்னு கேப்பாங்க, ஒண்ணு குறைஞ்சாலும் அங்கயே பைல் நின்னுடும்.