ஸ்கார்பரோ பிளஃப்ஸ்: களியில் கல் இருந்தாலே அது பனியாறு படிய வைத்ததா?

கரையோரம்:
எல்லோருக்கும் வணக்கம். போன சனிக்கிழமை பிள்ளைகளுடன் பிளஃபர்ஸ் பார்க் பக்கம் போயிருந்தேன். கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இத்தனை வருடமாக இருக்கிறோம், ஆனால் ஏரிக்கரையில் பிளஃப்ஸ் என்று சொல்லும் அந்த மண்சுவரை நின்று பார்த்தது அன்றுதான். ஏறக்குறைய 15 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 90 மீட்டர் உயரம். "இது எப்படி அப்பா வந்தது?" என்று மகள் கேட்டாள். "பனியாறு செதுக்கிவிட்டுப் போனது" என்றேன். சாம்பல் நிறக் களிக்குள் இளஞ்சிவப்புக் கருங்கற்கள் பதிந்திருப்பதையும் காட்டி, "பார், பனி கொண்டுவந்து வைத்த கல்" என்றும் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் சந்தேகம் வந்துவிட்டது. அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லப் போகிறாள். நான் சொன்னது சரிதானா?

மண்வாசகன்:
சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள். டொராண்டோவில் 18 வருடமாக அத்திவார ஆய்வுக்குப் போர்ஹோல் (மண் மாதிரி எடுக்கும் துளை) போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். இங்கே மண்ணுக்குக் கீழே இருக்கும் பாறை ஷேல். சுமார் 45 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. இளஞ்சிவப்பு கிரானைட்டோ நைஸ் பாறையோ இந்த ஊரில் விளையாது. அது வடக்கே 100 கிலோமீட்டருக்கும் அப்பால், கனேடியக் கவசம் என்ற மிகப் பழைய பாறைப்பரப்பு தொடங்கும் இடத்திலிருந்து வந்தாக வேண்டும். அவ்வளவு பெரிய கல்லை மேடு பள்ளம் பாராமல் சுமந்து வர பனியால்தான் முடியும். பொடிக் களியிலிருந்து ஆள் உயரக் கல் வரை எதுவும் பிரியாமல் ஒன்றாகக் கிடக்கிறது என்றால் அது டில். பனியாறு தன் அடியில் அரைத்து அப்பிவிட்டுப் போன மண். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

வண்டல்:
விவாதிக்க நிறைய இருக்கிறது, மண்வாசகன் அண்ணா. கரையோரம், உங்கள் மகள் கேட்ட கேள்வியிலேயே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரிப்போம்.

அந்தச் சுவரின் வடிவம் பனியாறு செதுக்கியதல்ல. ஒன்டாரியோ ஏரியின் அலை அடிவாரத்தை அரிக்கிறது, மேலே இருப்பது சரிகிறது, நிலத்தடி நீர் மணல் அடுக்குகளில் கசிந்து இன்னும் சரிக்கிறது. இன்றைக்கும் அது பின்வாங்கிக்கொண்டே இருக்கிறது. விளிம்பில் இருக்கும் வீட்டுக்காரர்களைக் கேளுங்கள். ஆக, வடிவம் ஏரியுடையது. உள்ளே இருக்கும் மண்தான் பனியுகத்துடையது.

அந்த மண்ணிலும் கீழ்ப்பகுதி முழுக்க டில் கிடையாது. அடியில் இருக்கும் களியும் மணலும் ஒரு பழைய பேராறு கொண்டுவந்து கொட்டிய டெல்டா. கிழக்கே செயின்ட் லாரன்ஸ் வழியைப் பனி அடைத்ததால் அன்றைய ஏரி இன்றைய ஏரியைவிட உயரமாக நின்றது. அதில் இறங்கிய ஆறு விட்டது அது. மணலில் சிற்றலைத் தடங்கள்கூடத் தெரியும். பனியாற்றுக்கு அடியில் அப்படி ஒழுங்கான தடம் விழாது.

அதற்கு மேலே வருகிறது நீங்கள் மகளுக்குக் காட்டிய கல் கலந்த களி. அதன் பெயர் சன்னிபுரூக். உண்மையான சண்டை அங்கேதான்.

மண்வாசகன்:
சுவரின் வடிவம் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன் அக்கா. அதை நான் கவனித்துச் சொல்லியிருக்க வேண்டும். சன்னிபுரூக்கில் என்ன சண்டை? பழைய வரைபடங்களில் அது சன்னிபுரூக் டில் என்றே இருக்கிறது.

வண்டல்:
இருந்தது. 1983இல் புவியியலாளர்கள் நிக்கலஸ் ஐல்ஸும் கரொலின் ஐல்ஸும் இதே பிளஃப்ஸை வைத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அந்தக் களி பனியாற்றின் அடியில் அப்பப்பட்டதல்ல. ஆழமான, குளிர்ந்த ஏரியின் தரையில் படிந்தது. கற்கள் மேலே மிதந்த பனிக்கட்டிகள் உருகும்போது விழுந்தவை என்றார்கள். கீழே இருக்கும் டெல்டா மணலுக்கும் இந்தக் களிக்கும் நடுவே வெட்டுப்பட்ட எல்லை இல்லை, ஒன்று மற்றொன்றாக மெல்ல மாறுகிறது என்பது அவர்களின் முக்கியமான வாதம். ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான பனி, நனைந்த தளர்ந்த மணல் மேல் ஏறி நகர்ந்திருந்தால் அந்த மணலைக் கிழித்து, மடித்து, சுரண்டியிருக்காதா? அதோடு, களிக்குள் ஆஸ்ட்ராகோட் ஓடுகள் கிடைத்தன. ஏரித் தரையில் வாழும் கடுகளவு ஓட்டுயிரி அது. பனியாற்றுக்கு அடியில் அது எப்படிக் குடியிருக்கும்?

மண்வாசகன்:
ஏரிச் சேற்றைப் பனியாறு வழித்துக்கொண்டு வந்தால் ஓடுகளும் சேர்ந்து வரும். அதை ஆதாரமாக ஏற்க மாட்டேன்.

என் கையில் இருப்பது வேறு ஆதாரம். போர்ஹோலில் மாதிரிக் குழாயை 30 சென்டிமீட்டர் இறக்க சம்மட்டியால் எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவோம். ஏரிக் களி என்றால் பத்து, பதினைந்தில் இறங்கிவிடும். இந்த ஊர் டில்லில் 50 முறை அடித்தும் இறங்காது, எண்ணுவதையே நிறுத்திவிடுவோம். துளைக்கருவியின் பல் உடைந்திருக்கிறது. வெறும் தண்ணீருக்கு அடியில் அமைதியாகப் படிந்த சேறு அப்படி இறுகுமா? மேலே பனி ஏறி நின்று அழுத்தியிருக்க வேண்டும்.

வண்டல்:
அழுத்தியது உண்மை. எப்போது என்பதுதான் கேள்வி. சன்னிபுரூக் படிந்து பல ஆயிரம் ஆண்டுகள் கழித்து, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பெரும் பனிப்படலம் இந்த இடம் முழுவதையும் மூடியது. அதன் எடை கீழே இருந்த எல்லா அடுக்குகளையும் இறுக்கிவிட்டது. டெல்டா மணலும் இறுகித்தான் இருக்கிறது. அதையும் டில் என்பீர்களா?

இன்னொன்று. உங்கள் துளைக்கருவியின் பல்லை உடைத்தது பெரும்பாலும் மேட்டு நிலத்தில் இருக்கும் இளைய டில், வடக்கு டில் என்று சொல்வார்களே, அது. அது டில் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. சன்னிபுரூக்கில் களி அதிகம், கல் குறைவு. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் ஒன்றின் குணம் மற்றதன் கணக்கில் ஏறிவிடுகிறது.

செம்புலம்:
நண்பர்களே, நான் தமிழ்நாட்டிலிருந்து எழுதுகிறேன். எம்.எஸ்சி. படிக்கும்போது ஒடிசாவில் தால்ச்சேர் பக்கம் களப்பணிக்குப் போனோம். படிக்கும்போது அந்த இடம் ஞாபகம் வந்துவிட்டது.

1856இல் புவியியலாளர்களான பிளான்ஃபோர்டு சகோதரர்களும் தியோபால்டும் அங்கே பச்சைச் சேற்றுப் பாறைக்குள் பெரிய பெரிய கற்கள் பதிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, இது பனியின் வேலை என்றார்கள். வெயில் கொளுத்தும் அந்த ஊரில் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனி என்றால் யார் நம்புவார்? சேற்றில் கல் கிடப்பதை மட்டும் காட்டி எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியவில்லை. 1870களில் மகாராஷ்டிரத்தின் சந்திரப்பூர் அருகே அதே அடுக்குக்கு அடியில் இருந்த சுண்ணாம்புப் பாறைத் தரையில் வழவழப்பும் இணையான கீறல்களும் கிடைத்த பிறகுதான் பேச்சு மாறியது. கல்லைச் சுமந்த பனி அந்தத் தரையைத் தொட்டுக்கொண்டே நகர்ந்திருக்கிறது என்பதற்கு அது நேரடிச் சாட்சி.

எங்கள் பேராசிரியர் நோட்டுப்புத்தகத்தில் "டில்" என்று எழுதவே விடமாட்டார். "டயாமிக்ட் என்று எழுது" என்பார். கல்லும் களியும் பிரியாமல் கலந்த மண் என்று மட்டும் பொருள், எப்படி வந்தது என்று அந்தச் சொல் சொல்லாது. மலைச்சரிவில் சேறு வழிந்தாலும், ஏரியடியில் சரிந்தாலும், பனி அப்பினாலும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். காரணத்தைப் பெயருக்குள் முதலிலேயே வைத்துவிட்டால் அப்புறம் தேடத் தோன்றாது.

நான் கேட்பது இதுதான்: சன்னிபுரூக்கின் தரையில் என்ன இருக்கிறது?

மண்வாசகன்:
நல்ல கேள்வி. அடியில் மணல் என்பதால் பாறைக் கீறல் கிடைக்க வழியில்லை. ஆனால் 1989இல் ஹைகாக், டிரைமானிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தத் தரையைத்தான் ஆராய்ந்தார்கள். ஏரிப்படுகையில் தரை தட்டி நின்ற பனியாறுதான் இதைப் படிய வைத்தது என்பது அவர்கள் முடிவு. அடுக்குகள் இழுபட்டு அறுந்த தடங்கள், நீளவாக்கில் ஒரே திசை நோக்கிக் கிடக்கும் கற்கள் எல்லாவற்றையும் காட்டினார்கள். வண்டல் அக்கா, ஏரியில் மேலிருந்து விழும் கல் தலைகீழாகவும் விழும், குறுக்கேயும் விழும். எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக் கிடந்தால் ஏதோ ஒன்று அவற்றைப் பிடித்து இழுத்திருக்கிறது. 1983 கட்டுரைக்கு நீங்கள் கொடுக்கும் மதிப்பை இதற்கும் கொடுக்க வேண்டும்.

வண்டல்:
கொடுக்கிறேன். அந்தத் தடங்கள் இருப்பதை நான் மறுக்கவில்லை. இழுத்தது எது என்பதில்தான் வேறுபடுகிறேன். பெரிய பனிக்கட்டி ஏரியில் மிதந்து வரும்போது, நீருக்குள் ஆழமாக இறங்கியிருக்கும் அதன் அடிப்பகுதி தரையைத் தட்டி உழுதுகொண்டு போகும். உழுத இடத்தில் களி அறுபடும், மணல் பிதுங்கும், கற்கள் திசை மாறும். 2005இல் ஐல்ஸ் குழுவினர் சன்னிபுரூக்கை இந்தக் கோணத்தில் மறுபடி பார்த்து, இது மிதந்து அலைந்த பனியின் பதிவு என்று எழுதினார்கள். இப்படிப் பார்த்தால் அறுபட்ட தடமும் ஏரி உயிரியும் ஒரே அடுக்கில் இருப்பதற்கு விளக்கம் கிடைக்கிறது. உங்கள் விளக்கத்தில் ஓடுகளுக்குத் தனிக்காரணம் தேட வேண்டியிருக்கிறது.

மண்வாசகன்:
உங்கள் விளக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. அலையும் பனிக்கட்டி காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்ப இங்குமங்கும் உழும். ஒரு இடத்துக்கும் அடுத்த இடத்துக்கும் திசை மாற வேண்டும். பல கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரே திசை கிடைத்தால் அது பனியாறுதான். இந்த அளவீடு இடத்துக்கு இடம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை வைத்துத்தான் நான் முடிவு செய்வேன். என் மனம் இன்னும் பனியாற்றின் பக்கமே சாய்கிறது.

கரையோரம்:
ஒரு சந்தேகம். ஏரியோ பனியாறோ, எப்படியும் பனிக்காலத்து மண்தானே? வேறுபாடு தெரிந்து என்ன ஆகப்போகிறது?

மண்வாசகன்:
இதில் நானும் அக்காவும் ஒரே பக்கம்தான். பிளஃப்ஸில் களி அடுக்குக்கு மேலும் கீழும் இருக்கும் மணல் அடுக்குகளில் தண்ணீர் ஓடுகிறது. களி அந்தத் தண்ணீரைத் தடுக்கும் தட்டு. ஏரியில் படிந்த களி என்றால் அது பாய் விரித்த மாதிரிப் பரந்து தொடரும் என்று எதிர்பார்க்கலாம். பனியாறு சுரண்டி அப்பியது என்றால் சில இடத்தில் தடிக்கும், சில இடத்தில் அறவே இராது. இல்லாத இடத்தில் குழி தோண்டினால் கீழிருந்து தண்ணீர் பீறிட்டு வரும். ஒரு வேலையில் அப்படி ஆகி, மூன்று வாரம் பம்ப் வைத்து இறைத்தோம். அந்த இடத்து அறிக்கையில் இரண்டு போர்ஹோலுக்கு நடுவே "டில்" என்று ஒரு நேர்கோடு இழுத்திருந்தார்கள்.

செம்புலம்:
வெளித்தோற்றத்தை மட்டும் வைத்துப் பெயர் சூட்டினாலும் இதே கதைதான். உங்கள் ஊருக்கு வடக்கே ஓக் ரிட்ஜஸ் மொரைன் என்று 160 கிலோமீட்டர் நீள மேடு ஒன்று இருக்கிறதே, மொரைன் என்றால் பனியாறு சுமந்து வந்து குவித்த மேடு என்ற பாடப்புத்தக விளக்கத்தை நினைத்துக்கொண்டு அதைத் தோண்டினால் என்ன கிடைக்கும்?

வண்டல்:
பெரும்பாலும் மணலும் சரளையும், சார். பனிப்படலத்தின் இரண்டு மடல்களுக்கு நடுவே உருகிய நீர் கொண்டுவந்து கொட்டியவை. நீர் பிரித்த மண் என்பதால்தான் மழைநீரை உறிஞ்சி, பல ஆறுகளுக்கு ஊற்றாக இருக்கிறது. புதைந்த பனிக்கட்டிகள் உருகி உட்கார்ந்த இடங்களில் கெட்டில் ஏரிகளும் உண்டு. மேட்டின் வடிவத்தைப் பார்த்து மொரைன் என்றது தவறில்லை. ஆனால் உள்ளே டில்தான் இருக்கும் என்று அந்தப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது.

கரையோரம், மகளுக்கு நேரில் காட்ட டான் வேலி பிரிக் வொர்க்ஸ் போங்கள். பழைய செங்கல் சூளையின் குவாரி. புவியியலாளர் ஏ. பி. கோல்மன் ஆராய்ந்த இடம். அடியில் ஷேல், அதன்மேல் பழைய பனியாறு விட்ட யார்க் டில், அதற்கு மேல் இன்றையதைவிட வெதுவெதுப்பான காலத்தின் இலைகளும் மரத்துண்டுகளும், பிறகு மறுபடி குளிர்காலத்து அடுக்குகள். பனி ஒரு தடவை மட்டும் வந்து போகவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி இந்த ஊரில் இல்லை. பிளஃப்ஸின் விளிம்பிலோ சரிவிலோ தயவுசெய்து ஏற வேண்டாம். ஏறிச் சிக்கியவர்களைத் தீயணைப்பு வீரர்கள் மீட்ட செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள்.

கரையோரம்:
போய் வந்தோம். திரும்பும் வழியில் ஏரிக்கரையில் மகள் ஒரு சாம்பல் நிறச் சுண்ணாம்புக்கல்லை எடுத்தாள். ஒரு பக்கம் தேய்த்துவிட்ட மாதிரித் தட்டை, அதில் இணையாக மெல்லிய கோடுகள், ஒன்றிரண்டு மட்டும் குறுக்கே. படம் எடுத்துவிட்டுக் கல்லை அங்கேயே வைத்துவிட்டோம். இது சன்னிபுரூக்கிலிருந்து விழுந்ததா, மேலே இருக்கும் வடக்கு டில்லிலிருந்தா?

மண்வாசகன்:
அருமையான கல். பனியின் அடியில் பிடிபட்டு, தரையில் உரசி, ஒரு முறை புரண்டு மறுபடி உரசியிருக்கிறது. அதனால்தான் குறுக்குக் கோடு. ஆனால் எந்த அடுக்கிலிருந்து விழுந்தது என்று சொல்ல முடியாது. மிதக்கும் பனிக்கட்டியிலிருந்து விழும் கல்லிலும் இதே கீறல் இருக்கும். இந்த ஒரு கல்லை வைத்து அக்காவை நான் வெல்ல முடியாது.

வண்டல்:
விழுந்து அதிக நாள் ஆகவில்லை என்று மட்டும் மகளிடம் சொல்லுங்கள். சுண்ணாம்புக்கல் மிருது. அலையில் கொஞ்ச காலம் உருண்டிருந்தால் அந்தக் கோடுகள் அழிந்து வெறும் கூழாங்கல் ஆகியிருக்கும்.

கரையோரம்:
அப்படியென்றால் அடுத்த சனிக்கிழமை போகும்போது அந்தக் கல் அங்கே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறாள்.