கீழே விழுந்து மேற்பலகை விரிந்த அகூஸ்டிக் கிட்டார்: நானே ஒட்டலாமா?

மூன்றாம்தந்தி:

அனைவருக்கும் வணக்கம். வாசித்துக்கொண்டிருந்தபோதே தோள்வார் கழன்றுவிட்டதால் என் அகூஸ்டிக் கிட்டார் இடுப்புயரத்திலிருந்து தரையில் விழுந்துவிட்டது. அடி முழுவதும் கீழ்ப்பகுதியின் விளிம்பில், தடித்த தந்திகள் இருக்கும் பக்கமாகப் பட்டிருக்கிறது. அந்த விளிம்பில் தொடங்கி பிரிட்ஜை (தந்திகளின் கீழ்முனையைத் தாங்கி மேற்பலகையில் ஒட்டியிருக்கும் கட்டை) நோக்கி, மரத்தின் ரேகையை ஒட்டியே, ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளத்துக்கு மேற்பலகையில் ஒரு விரிசல் ஓடியிருக்கிறது. பிரிட்ஜைத் தொடுவதற்கு முன்பே அது நின்றுவிட்டது. மேற்பலகை ஒற்றை அடுக்கு ஸ்ப்ரூஸ் மரம், பக்கங்களும் பின்பலகையும் ஒட்டுப்பலகை.

விரிசலின் ஒரு கரையை விரலால் மெல்ல அழுத்தினால் அது மயிரிழை அளவு கீழே இறங்குகிறது. கையை எடுத்ததும் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. வாசிக்கும்போது, குறிப்பாக ஐந்தாம் தந்தியை விரலால் அழுத்தாமல் திறந்து மீட்டும்போது, உள்ளிருந்து ஒரு கரகரப்பு கேட்கிறது. விழுவதற்கு முன் அது இருந்ததே இல்லை.

சூப்பர் குளூவை விரிசலில் ஓடவிட்டால் போதும் என்று ஒருவர் சொல்கிறார். உள்ளே மரத்துண்டு வைத்து ஒட்டினாலொழிய நிற்காது என்கிறார் இன்னொருவர். எனக்கு அடிப்படை மரவேலை தெரியும், ஆனால் இசைக்கருவியில் இதுவரை கை வைத்ததில்லை. இதை நானே செய்யலாமா, எந்தப் பசை சரி, எந்த நிலையில் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுவது நல்லது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

இழைப்புளி:

பசையைப் பற்றி யோசிப்பதற்கு முன், தந்திகள் இன்னும் சுருதியில் இருந்தால் இப்போதே தளர்த்திவிடுங்கள். 12 கேஜ் (மிக மெல்லிய தந்தி 0.012 அங்குலம்) எஃகுத் தந்திகள் ஆறும் வழக்கமான சுருதியில் நிற்கும்போது அவற்றின் மொத்த இழுவிசை 70 கிலோவைத் தாண்டும். அதைத் தாங்கும் மேற்பலகையின் தடிமனோ சுமார் 3 மில்லிமீட்டர்தான். விரிந்த பலகையை அந்த இழுவையில் வைத்திருந்தால், இன்று பிரிட்ஜுக்கு முன் நின்றிருக்கும் விரிசல் அங்கேயே நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. பளபளப்புக்கான எண்ணெய், மெழுகு, பாலிஷ் எதையும் விரிசலின் அருகே கொண்டுபோக வேண்டாம். ஒருமுறை எண்ணெய் குடித்த மரத்தில் பசை பிடிக்காது.

உங்கள் விவரிப்பில் என் கவனத்தை இழுத்தது விரிசல் அல்ல, கரகரப்புதான். மேற்பலகையின் அடியில் பெருக்கல் குறி வடிவில் இரண்டு முதன்மைச் சட்டங்களும், அவற்றைச் சுற்றிச் சில சிறு சட்டங்களும் ஒட்டப்பட்டிருக்கும். பிரேஸ் என்று சொல்கிறோமே, அவைதான். விளிம்பில் விழும் அடி பலகையை ஒரு கணம் வளைக்கிறது. அப்போது பிரேஸின் மெலிந்த நுனி பலகையிலிருந்து பெயர்ந்துவிடுவது மிகச் சாதாரணம். வெளியே தெரியும் விரிசலை எவ்வளவு அழகாக ஒட்டினாலும், பெயர்ந்த பிரேஸை விட்டுவிட்டால் கரகரப்பு போகாது. தாங்கல் இல்லாத அந்த இடத்தில் பலகை நாளடைவில் உப்பி, ஒட்டிய விரிசலே மீண்டும் வாய் திறக்கும்.

ஆகவே முதலில் உள்ளே பாருங்கள். ஒலித்துளை வழியாக ஒரு சிறு எல்.இ.டி. விளக்கையும் பல் மருத்துவர் பயன்படுத்துவது போன்ற கைப்பிடிக் கண்ணாடியையும் விட்டால் போதும். அறை விளக்குகளை அணைத்துவிட்டு உள் விளக்கை மட்டும் எரியவிட்டால், விரிசல் மரத்தையும் வார்னிஷையும் ஊடுருவியிருக்கிறதா என்று வெளியிலிருந்தே ஓரளவு தெரியும்; ஒளி கீற்றாகக் கசிந்தால் சந்தேகமே இல்லை. கசியாவிட்டால் பூச்சு மட்டும் கீறியிருக்கவும் வாய்ப்புண்டு, ஆனால் உங்கள் கரை விரலுக்கு இறங்குவதால் மரமே விரிந்திருக்கிறது என்றுதான் எண்ணுகிறேன்.

அடுத்து, விரல் கணுவால் மேற்பலகையை ஓரிடம் விடாமல் மெல்லத் தட்டுங்கள். பிரேஸ் இறுக்கமாக இருக்கும் இடம் திண்ணென்று ஒலிக்கும். பெயர்ந்த இடத்தில் இரண்டு மரங்கள் உரசும் ஒரு பிசிறு கேட்கும். அந்த இடத்துக்கு நேராக, உள்ளே கையை விட்டு, பிரேஸுக்கும் பலகைக்கும் நடுவே ஒரு மெல்லிய காகிதத் துண்டைச் செருகிப் பாருங்கள். காகிதம் எவ்வளவு தூரம் நுழைகிறதோ அவ்வளவு தூரம் பசை விட்டிருக்கிறது. இதே காகிதச் சோதனையை பிரிட்ஜின் பின்விளிம்பிலும், மேற்பலகையும் பக்கப்பலகையும் சேரும் உள்விளிம்பிலும் செய்யுங்கள். தோள்வாரை மாட்டும் அடிக்குமிழ் செருகியிருக்கும் உட்கட்டையையும் விட்டுவிடாதீர்கள். கருவி அடிப்புறமாக விழும்போது அந்தக் கட்டை பிளப்பது உண்டு, வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவே தெரியாது.

கழுத்துக்கும் தலைப்பகுதிக்கும் இடையே நட் (தந்திகளைத் தாங்கும் பள்ளமிட்ட சிறு பட்டை) இருக்கும் இடத்தின் பின்புறத்தையும் ஒருமுறை நகத்தால் தடவிப் பாருங்கள். தலை பின்னோக்கிச் சாய்ந்த கிட்டார்களில் அந்த இடத்தில் மர ரேகை குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும்; டிரஸ் ராடுக்காக (கழுத்துக்குள் ஓடும் உலோகக் கம்பி) மரத்தைக் குடைந்திருப்பதும் பெரும்பாலும் அங்கேதான், அதனால் அது பலவீனமான இடம். உங்களுக்கு அடி கீழே பட்டிருப்பதால் அங்கே பெரிதாக எதுவும் இருக்காது என்றே நினைக்கிறேன்.

பசைப்பானை:

சூப்பர் குளூ குறித்து மட்டும் நான் எழுதுகிறேன். மெல்லிய சயனோஅக்ரிலேட் பசை நுண்துளைகளுக்குள் தானாகவே ஏறிச் செல்லும் என்பது உண்மை, அதனால்தான் அது எளிய வழி போலத் தோன்றுகிறது. ஆனால் ஸ்ப்ரூஸ் மிகவும் உறிஞ்சும் மரம். விரிசலின் இரு கரையிலும் பசை பரவி, எண்ணெய் பட்டது போன்ற ஒரு கருத்த கோட்டை உண்டாக்கிவிடும். பிறகு அதை நீக்க வழியில்லை. மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கராக இருந்தால் பசை அந்தப் பூச்சையே கரைக்கும். இவை இரண்டையும்விடப் பெரிய தொல்லை, கரைகள் சமமாக அமைவதற்கு முன்பே அது இறுகிவிடுவதுதான். ஒரு கரை சற்றே உயர்ந்த நிலையில் இறுகிவிட்டால், மரத்தின் துளைகள் அடைபட்டுவிடுவதால், அடுத்து வருபவர் நல்ல பசை போட்டாலும் பிடிப்பதில்லை.

எபாக்ஸி இந்த வேலைக்குத் தடித்தது, மயிரிழை விரிசலுக்குள் இறங்காது. பாலியூரிதேன் பசை நுரைத்துப் பொங்கும் இயல்புடையது, கருவியின் பக்கமே அதைக் கொண்டுவர வேண்டாம். சாதாரண வெள்ளைப் பசை காய்ந்த பிறகும் சற்று நெகிழ்வாகவே இருப்பதால், தொடர்ந்த இழுவையில் மெல்ல மெல்ல நகரும்.

எஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று டைட்பாண்ட் ஒரிஜினல் போன்ற மஞ்சள் மரப்பசை, மற்றொன்று விலங்குத் தோலிலிருந்து செய்து, சூடாக்கிப் பூசும் வச்சிரப் பசை. வச்சிரம் கண்ணாடி போல இறுகும், சூட்டிலும் ஈரத்திலும் மீண்டும் இளகும், பழைய பசையின் மீதே புதியது பிடிக்கும். பழுதுபார்ப்பவர்கள் அதை விரும்புவது இதனால்தான். ஆனால் அதை 60 பாகை செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும், பூசியபின் ஓரிரு நிமிடங்களில் கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கருவி) போட்டு முடித்துவிடவும் வேண்டும். முதல்முறை செய்பவருக்கு மஞ்சள் பசையே ஏற்றது. அதன் போத்தலில் 'ஒரிஜினல்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனென்றால் நீர் புகாத வகைகளை வருங்காலத்தில் பிரித்தெடுப்பது கடினம்.

எட்டுக்கட்டை:

சிறு திருத்தம். பாலியெஸ்டர் பூச்சுள்ள கிட்டார்களில், மரம் உறுதியாக ஒட்டப்பட்ட பிறகு பூச்சில் எஞ்சும் கீறலையும் சில்லுப் பெயர்ந்த பள்ளத்தையும் நிரப்ப சூப்பர் குளூவைத் தொழில்முறைக் கலைஞர்களே பயன்படுத்துகிறார்கள். அங்கே அது நிரப்பும் பொருள் மட்டுமே. மரத்தைப் பிணைக்கும் வேலையை அதனிடம் ஒப்படைக்கக் கூடாது என்பதில் பசைப்பானையோடு எனக்கு முழு உடன்பாடு.

மூன்றாம்தந்தி:

விரிவாக எழுதிய மூவருக்கும் மிக்க நன்றி. தந்திகளைத் தளர்த்திவிட்டு, சொன்னபடியே சோதித்துப் பார்த்தேன். விரிசலில் ஒளி கசிகிறது, குறிப்பாக விளிம்பிலிருந்து பாதி தூரம் வரை. பிரிட்ஜுக்குக் கீழே குறுக்காகச் செல்லும் ஒரு சிறு பிரேஸ், விரிசல் அதைக் கடக்கும் இடத்தில் பெயர்ந்திருக்கிறது. காகிதம் இரண்டு விரல் அகலத்துக்கு நுழைகிறது. தட்டும்போது பிசிறு கேட்பதும் அதே இடத்தில்தான். பிரிட்ஜ், உட்கட்டை, கழுத்து மூன்றிலும் எந்தப் பழுதும் தென்படவில்லை. இரு கரைகளையும் விரலால் ஒன்றாக அழுத்தினால் கோடு ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. இந்த நிலையில் பிரேஸை முதலில் ஒட்ட வேண்டுமா, விரிசலையா?

இழைப்புளி:

விரல் அழுத்தத்துக்கே கோடு மறைகிறது என்றால் நல்ல செய்தி. ஈரப்பதம் குறைந்து மரம் சுருங்கியதால் வரும் விரிசலில் நடுவே உண்மையான இடைவெளி இருக்கும். அதை மூட, கருவியை முதலில் ஈரப்படுத்தவோ மெல்லிய மரச்சீவலை இடையில் செருகவோ வேண்டியிருக்கும். விழுந்ததால் வந்த விரிசலில் மரம் எதையும் இழந்திருக்காது, இரு கரைகளும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆனாலும் ஒட்டும்போது அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது.

விரிசலையே முதலில் ஒட்டுங்கள். பிரேஸ் தளர்வாக இருப்பது இந்தக் கட்டத்தில் உங்களுக்குச் சாதகம், ஏனென்றால் கரைகளை மேலும் கீழுமாக அசைத்துச் சமப்படுத்த முடியும். பிரேஸை முன்னதாக இறுக்கிவிட்டால், கரைகள் அப்போது எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டையும் ஒரே மூச்சில் ஒட்டுபவர்களும் இருக்கிறார்கள், ஆனால் அதற்குப் பழகிய கை வேண்டும்.

பசையில்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் ஒத்திகை பாருங்கள். கிளாம்ப், கட்டை, மெழுகுத்தாள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பிறகு விரிசலின் மீது மெல்லிய கோடாகப் பசையை இட்டு, ஒரு கையை உள்ளே விட்டு அடியிலிருந்து பலகையை மெதுவாக உயர்த்தித் தாழ்த்தியபடியே, மறுகை விரலால் பசையைத் தேய்த்து உள்ளே செலுத்துங்கள். விரிசல் மூச்சு வாங்குவது போலத் திறந்து மூடி, பசையை உள்ளிழுக்கும். உட்புறத்தில் முழு நீளத்துக்கும் ஈரம் விரலில் தட்டுப்படும் வரை இதைத் தொடர வேண்டும். அதன்பின் மேலே வழிந்ததை ஈரத்துணியால் துடைத்து, நகத்தைக் குறுக்கே ஓட்டி இரு கரைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். நகம் எங்கேயும் தட்டக் கூடாது. மெழுகுத்தாளின் மீது ஒரு தட்டைக் கட்டையை மேலும் கீழும் வைத்து, அவை அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, இணைப்பு வறண்டுபோகும். பக்கவாட்டிலிருந்து கிளாம்ப் போட்டு நெருக்க வேண்டிய தேவை உங்கள் விரிசலுக்கு இல்லை. ஒரு நாள் முழுவதும் அப்படியே விட்டுவிடுங்கள்.

மறுநாள் பிரேஸ். மெல்லிய, வளையும் தகட்டுக் கத்தியின் நுனியில் பசையை எடுத்து இடைவெளியில் செலுத்தி, ஒலித்துளை வழியாக நீண்ட கையுள்ள கிளாம்பால் அழுத்த வேண்டும். கிளாம்ப் எட்டாவிட்டால் உள்ளே ஒரு சிறு திருகு ஜாக்கைப் பின்பலகையில் ஊன்றி அழுத்தலாம், ஆனால் பின்பலகைக்கு அடியில் வெளிப்புறமாகத் தாங்குகட்டை இல்லாமல் ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். ஒரு விரிசலைச் சரிசெய்யப்போய் இன்னொன்றை உண்டாக்குபவர்களில் பலர் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கடைசியாக கிளீட் எனப்படும் தாங்கு துண்டுகள். அதே ஸ்ப்ரூஸ் மரத்தில், 2 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேற்படாமல், கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய சதுரங்களாக வெட்டி, விளிம்புகளை உப்புத்தாளால் சரிவாக்கிக்கொள்ளுங்கள். துண்டின் ரேகை விரிசலுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். விரிசலோடு ஒரே திசையில் வைத்தால் துண்டும் அதே கோட்டில் பிளக்கும். பிரேஸுக்கு இருபுறமும் ஒவ்வொன்று வைத்தால் உங்கள் நீளத்துக்குப் போதும். அதிகம் ஒட்டினால் பலகையின் அதிர்வு வீணாகக் குறையும். இவற்றை அழுத்திப் பிடிக்க, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக நியோடிமியம் காந்தங்களை வைப்பது எளிது. வெளிக்காந்தத்துக்கு அடியில் தடித்த அட்டை இருக்கட்டும், அவை சட்டென்று பாய்ந்து ஒட்டிக்கொண்டால் வார்னிஷில் பள்ளம் விழும்.

எல்லாம் காய்ந்தபின் தந்திகளை ஒரேயடியாக ஏற்றாமல், முதலில் முழு சுரம் கீழே வைத்து ஓரிரு நாள் கவனியுங்கள். பூச்சில் மெல்லிய கோடு ஒன்று தெரியத்தான் செய்யும். அதை மறைக்க உப்புத்தாளை எடுக்காதீர்கள், பூச்சு நீங்கள் நினைப்பதைவிட மிக மெல்லியது. ஒத்திகையின்போது எந்த இடத்திலாவது கரைகள் சமமாக அமைய மறுத்தால் மட்டும், பசைப் போத்தலைத் திறக்காமலே கருவியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். பசை படாத விரிசல் அவருக்குச் சிறு வேலை; தவறாக ஒட்டியதைப் பிரித்து ஒட்டுவதற்குத்தான் நேரமும் செலவும் பன்மடங்காகும்.