'ரிப்ளை 1988' மாதிரி இன்னொரு தொடர் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே. அப்பா போய் மூணு மாசம் ஆகுது. அம்மா சரியா சாப்பிடுறதே இல்ல. போன மாசம் 'ரிப்ளை 1988'ங்கிற கொரியத் தொடரைப் போட்டு விட்டேன். 1988 சியோல், ஒரே சந்துல அஞ்சு குடும்பம். சாப்பாட்டு நேரம் வந்தா ஒரு வீட்டுக் கறி அடுத்த வீட்டுக்குப் போகும். கிண்ணம் வெறுமையா திரும்பாது. பிள்ளைங்க தட்டும் கையுமா சந்துல எதிரும் புதிருமா ஓடும். "எங்க லைன் வீட்டுலயும் இப்படித்தான்டி"ன்னு அம்மா தானா பேச ஆரம்பிச்சாங்க. தொடர்ல ஒரு வீட்டுல பொரிச்ச முட்டை அக்காவுக்கும் தம்பிக்கும் போயிடும், நடுப்பிள்ளைக்குக் கிடைக்காது. பிறந்தநாள் கேக் முன்னாடி அவ அதைச் சொல்லி அழுறப்போ அம்மாவும் அழுதாங்க. அன்னிக்கு ராத்திரி ரெண்டு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாங்க.

20 எபிசோடும் முடிஞ்சிடுச்சு. இதே மாதிரி சமையலும் குடும்பமுமா வேற கொரியத் தொடர் இருந்தா சொல்லுங்க. கொலை, பழிவாங்கல், ஆஸ்பத்திரி வேண்டாம். தமிழ் டப்பிங் இருந்தா ரொம்ப நல்லது. சப்டைட்டில் வேகத்துக்கு அம்மாவால படிக்க முடியல, நான்தான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிட்டே வந்தேன். 'டே ஜாங் கும்' அரண்மனைச் சமையல் அவங்களுக்குப் பிடிக்கும், ஆனா அதுல சூழ்ச்சி நிறைய, 54 எபிசோடு வேற. இப்ப காட்டலாமா? பார்த்தவங்க சொல்லுங்க.