மறு: வீடியோ கேம் உலகை மேசைக்குக் கொண்டுவருதல் – ‘உலகநடுகை’ என்ற சொல் பற்றி

எல்லோருக்கும் வணக்கம்.

வீடியோ கேம் ஒன்றின் உலகத்தை எடுத்து, மேசையைச் சுற்றி இருந்து பகடை உருட்டி ஆடும் கதையாட்டத்துக்குக் கற்பனை நகரமாக ஆக்கும் வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று நம் சொல்லாக்கக் குழுவில் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். இதுவரை தழுவல், களப்பெயர்ப்பு, மேசையாக்கம் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. நான் ‘உலகநடுகை’ என்பதை முன்மொழிகிறேன். கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த வேலை என்ன என்பதிலேயே எங்களுக்குள் உடன்பாடு இல்லை என்று எனக்குப் படுகிறது. அது தெளிந்தால் பெயர் தானாக வரும்.

தம்பியின் ஆட்டக் குழு எடுத்திருப்பது டன்வால் நகரம். ஆர்கேன் ஸ்டூடியோஸ் உருவாக்கி 2012 இல் வெளிவந்த ‘டிஸ்ஹானர்ட்’ விளையாட்டின் தலைநகரம் அது. அதை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டு மேசைக்குக் கொண்டுவர முயன்றபோது முதல் வேலையாக வரைபடத்தைப் பார்த்து வரைந்தார்கள் என்றும், இரண்டாவது அமர்விலேயே ஆட்டம் செத்துப்போனது என்றும் எழுதியிருந்தார். அது நடந்தே தீரும். டன்வாலின் கூரைகளும் மாடங்களும் ஒரே ஒருவருக்காகக் கட்டப்பட்டவை. கதைநாயகன் கோர்வோவுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் ஆற்றல் உண்டு. அதற்குச் செலவாகும் சக்தி சற்று நேரத்தில் தானே ஊறிவிடும். எந்த மாடத்திலிருந்து எந்தக் குழாய்க்குத் தாவலாம் என்பதை மனத்தில் வைத்தே அந்தத் தெருக்களை அமைத்தார்கள். எங்கள் மேசையிலோ நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் இரும்புக் கவசம் போட்டிருப்பார், இன்னொருவர் பூசாரி. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசைக் கதையாட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் 30 அடி தாவும் மந்திரம் ஒன்று இருக்கிறது, ஆனால் அதை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும், அதுவும் எல்லோருக்கும் கிடைக்காது. ஆகவே வரைபடத்தை அப்படியே கொண்டுவந்தால் குழுவில் ஒருவர் கூரையில் நிற்பார், மற்றவர்கள் கீழே தெருவில் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

காவலாளிகளின் கதையும் அதுதான். கணினியில் ஒரு காவலாளிக்கு மூன்று நாலு வசனம் போதும், அவன் நடக்கும் பாதை தெரிந்தால் போதும். மேசையில் அவனைக் கண்டவுடன் யாரோ ஒருவர், “உமக்கு என்ன பெயர்? வீட்டில் ஆர் ஆர் இருக்கினம்?” என்று தொடங்கிவிடுவார். அதற்குப் பதில் சொல்லத்தக்க நகரம் வேண்டும். (ஆட்டத்தை நடத்துபவருக்கு ‘அண்ணாவியார்’ என்று சென்ற மாதம் நாங்கள் முடிவு செய்தது எவ்வளவு பொருத்தம் என்று இங்கேதான் விளங்குகிறது. கூத்தில் எல்லாருடைய பாட்டும் ஆட்டமும் தெரிந்த ஒருவர் அவர்தானே.)

சரி, வரைபடமும் காவலாளியும் வராவிட்டால் எது வரவேண்டும்? என் கருத்தில், அந்த நகரம் எதனால் இயங்குகிறது, அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற இரண்டும்தான்.

டன்வாலை இயக்குவது திமிங்கில எண்ணெய். விளக்குகள், அனுமதி இல்லாதவரை எரித்துவிடும் ஒளிச்சுவர்கள், மின் தூண்கள் எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. எண்ணெய்த் தாங்கியை எடுத்துவிட்டால் ஒளிச்சுவர் அணைந்துவிடும். கம்பியை மாற்றிக் கட்டினால் அதே சுவர் காவலாளிகளையே எரிக்கும். மறுபக்கம் எலிக் கொள்ளைநோய். அது தானாக வந்ததல்ல. அரசியின் உளவுத் தலைவன் ஏழைகளை ஒழிப்பதற்காக வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட எலிகள் கைமீறிப் போனதால் வந்தது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் டன்வால் கையில் இருக்கிறது. கூரைகள் போகட்டும்.

இப்போது இதை எங்கே நடுவது? தம்பியின் குழு உண்டாக்கும் நகரம் ஒரு குடாநாட்டில் இருக்கிறது என்றும், ஊர்காவற்றுறை போல ஒரு துறைமுகமும் கடலுக்குள் ஒரு கோட்டையும் உண்டு என்றும் சொன்னார். டன்வாலின் நடுவே பெரிய ஆறு ஓடுகிறது. எங்கள் மண்ணில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கையாறு மட்டுந்தான். சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர் அடியிலிருக்கும் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. அதைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். இதைத் தோட்டக்காரர் எல்லாருக்கும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. திமிங்கில எண்ணெயின் இடத்தில் இந்த நன்னீரை வைத்துப் பாருங்கள். கோட்டைக்காரர் இரவும் பகலும் இறைக்கிறார்கள், துறைமுகத்துக் கப்பல்களுக்கு நீர் விற்கிறார்கள், கரையோரக் குடிசைகளின் கிணறுகள் முதலில் உவர்க்கின்றன. பிறகு ஒருநாள் தெரியவருகிறது: ஏழைத் தெருவின் கிணறுகள் தாமாக உவர்க்கவில்லை, யாரோ வேண்டுமென்றே மதகைத் திறந்து கடலை உள்ளே விட்டிருக்கிறார்கள். எலிகளைக் கொண்டுவந்தவனின் அதே குற்றம். எலி இல்லை, எண்ணெய் இல்லை, ஆறு இல்லை. ஆனால் டன்வாலை ஆடியவர் ஒருவர் இந்த மேசையில் வந்து இருந்தால் நகரத்தை அடையாளம் கண்டுகொள்வார்.

இன்னொன்று. அந்த விளையாட்டில் நீங்கள் ஆட்களைக் கொல்லக் கொல்லக் குழப்பத்தின் அளவு கூடும், அதற்கேற்ப எலியும் நோயாளிகளும் காவலும் பெருகும், முடிவும் இருண்டு போகும். இந்தக் கணக்கைக் கணினி தனக்குள் வைத்துக்கொள்கிறது. மேசையில் அண்ணாவியார் இதைத் தன் குறிப்பேட்டில் ஒளித்து வைத்தால், கடைசியில் நகரம் அழியும்போது விளையாடியவர்களுக்கு அது அண்ணாவியாரின் வஞ்சனை போலத் தெரியும். என் யோசனை: மேசையின் நடுவில் ஆறுமுகப் பகடை ஒன்றை வைத்து அதன் மேல்முகத்தை ‘உவர் மட்டம்’ என்று எல்லோரும் பார்க்கவிடுங்கள். ஒன்றில் கோயில் கிணறு இனிக்கும். மூன்றில் வாழை வாடும், தண்ணீர் வண்டில்களுக்குக் காவல் போடுவார்கள். ஆறில் கோட்டைக் கிணறும் உவர்த்துவிடும். ஆட்டக்காரர் ஒவ்வொரு முறையும் அந்தப் பகடையைப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுப்பார்கள். அதுவே அந்த நகரத்தின் பயம்.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘தழுவல்’ பழகிய நல்ல சொல். ஆனால் நாவல் படமாவதும் தழுவல், வெளிநாட்டு நாடகம் உள்ளூர் மேடைக்கு வருவதும் தழுவல். அங்கெல்லாம் தழுவப்படுவது கதை. இங்கே கதையை விட்டுவிட்டுத்தான் வருகிறோம். கோர்வோவின் கதை எங்கள் மேசைக்குத் தேவையில்லை, அவன் நடந்த நகரம்தான் தேவை.

‘களப்பெயர்ப்பு’ சென்னை நண்பர் தந்தது. மொழிபெயர்ப்பை ஒட்டி அழகாக அமைந்த சொல், இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் அது ‘இடப்பெயர்வு’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். 1995 ஒக்டோபர் 30 இரவு போரால் வீடுகளை விட்டு வலிகாமத்திலிருந்து நடந்து போன சனத்துக்கு அது ஒரு சொல் மட்டும் அல்ல. விளையாட்டுக்கான சொல்லை அதன் அருகில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நண்பர் இதைத் தவறாக எடுக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

‘மேசையாக்கம்’ தச்சுவேலை என்று நினைக்க வைக்கும். அதைவிடப் பெரிய குறை, அது ஒரு திசைக்கு மட்டும் பொருந்தும். உலகங்கள் இரண்டு பக்கமும் போகின்றன. வளையத்தின் உட்புறத்தில் கட்டப்பட்ட சிகில் நகரம் 1994 இல் மேசை ஆட்டமாக வந்து, 1999 இல் கணினிக்குப் போனது. ரவ்னிக்கா என்ற பத்துக் குழுமங்களின் நகரம் சீட்டாட்டத்தில் பிறந்து 2018 இல் மேசைக்கு வந்தது. ரவ்னிக்கா வந்த விதத்தைக் கவனியுங்கள். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் எந்தக் குழுமத்தைச் சேர்ந்தவர் என்று கேட்டுத்தான் தொடங்குகிறது. நகரத்தை இயக்கும் குழுமங்களைத்தான் முதலில் கொண்டுவந்திருக்கிறார்கள், தெருக்கள் பிறகுதான்.

‘நடுகை’ எங்கள் வழக்கில் உயிரோடிருக்கும் சொல். நாற்று நடுகை, மரநடுகை என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். மிளகாய்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து கிளப்பும்போது வேரோடு ஒட்டிய மண்ணையும் சேர்த்துத்தான் எடுப்பார்கள், இலை இரண்டு உதிர்ந்தாலும் பரவாயில்லை. பிடித்த பிறகு அது புதுத் தோட்டத்து நீரில்தான் வளரும். மேலே நான் சொன்ன வேலை முழுவதும் இந்தச் சொல்லுக்குள் அடங்குகிறது. மரநடுகை என்றால் விழா மேடையும் மாலையும் ஞாபகம் வருகிறது என்று கிளிநொச்சித் தங்கச்சி எழுதியிருந்தார். ‘உலக’ என்ற முன்னொட்டு அந்த நினைவைத் தள்ளி வைக்கும் என்று நினைக்கிறேன். ‘களநடுகை’ என்று வைக்காததற்கும் அதுவே காரணம், விவசாயத் திணைக்களத்தின் சுற்றறிக்கை போலாகிவிடும்.

டன்வால், கோர்வோ போன்ற பெயர்களையும் தமிழாக்க வேண்டுமா என்று கனடாவிலிருந்து அக்கா கேட்டிருந்தார். வேண்டாம். மானிப்பாயில் 19 ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டாக்டர் கிறீன், வேதியியலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று ஒலியைத் தமிழுக்கு இசைத்து எழுதினார். பெயர்களுக்கு அந்த வழி போதும். புதுச் சொல் தேவைப்படுவது வேலைகளுக்கும் கருத்துகளுக்கும்தான்.

அகராதிக்கு என் வரைபு:

உலகநடுகை: ஒரு விளையாட்டின் உலகத்தை, அதை இயக்கும் பொருளும் அதிகாரமும் இழப்பும் குலையாமல், வேறு வகை விளையாட்டுக்குரிய களத்தில் மீண்டும் அமைத்தல். எடுக்கப்படும் உலகம் ‘மூலவுலகு’, அதை ஏற்கும் நகரமோ நாடோ ‘ஏற்களம்’, செய்பவர் ‘நடுகையாளர்’.

‘ஏற்களம்’ மட்டும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. ‘ஏர்க்களம்’ என்ற பழைய சொல்லோடு காதில் குழம்பும். ‘ஏற்புலம்’ பரவாயில்லையா, அல்லது ‘புகுகளம்’ என்று வைக்கலாமா? தம்பி, அடுத்த அமர்வில் உங்கள் குழுவில் எந்தச் சொல் வாயில் இயல்பாக வருகிறது என்று பார்த்து எழுதுங்கள். உவர் மட்டப் பகடை எத்தனையில் நின்றது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.