முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை ஆய்வுகளில் பங்கேற்றவர்கள்: வடசென்னை அனுபவங்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து, ஆய்வுக் களப்பணியாளர்:

முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவர்களை ஆறாவது வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், ஓராண்டு என்ற கணக்கில் தொடர்புகொண்டு, அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பதிவு செய்வதே என் வேலை. என் பட்டியலில் இருப்பவர்கள் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர்கள், சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார்கள், எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிக்கு ஒதுங்கப்போய் வண்டியோடு சரிந்தவர்கள். உயரத்திலிருந்து விழுந்தவர்களுக்குப் பெரும்பாலும் மார்பு முதுகெலும்பு முடிந்து இடுப்பு முதுகெலும்பு தொடங்கும் இடத்தில்தான் முறிவு இருக்கும். விலா எலும்புகளால் இறுகிய மேற்பகுதியும் வளைந்து கொடுக்கும் கீழ்ப்பகுதியும் சந்திக்கும் அந்த இடம்தான் விழுந்த அடியின் பாரத்தை வாங்கிக்கொள்கிறது.

முதுகு வலியால் வரும் இயலாமையை அளக்க நாங்கள் பயன்படுத்தும் ஆஸ்வெஸ்ட்ரி வினாத்தாளில் 10 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண், மொத்தம் 50, அதை இரட்டித்தால் இயலாமையின் சதவீதம் கிடைக்கும். காகிதத்தில் எளிதாகத் தோன்றும் இது, வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்கும்போது அவ்வளவு எளிதாக இருப்பதில்லை. கனமான பொருளைத் தூக்கினால் வலிக்கிறதா என்று ஒரு சுமைத் தொழிலாளியிடம் கேட்டேன். "எதும்மா கனம்? அம்பது கிலோ மூட்டையா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் மனைவியோ வாசலில் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டி, அதைக்கூடத் தூக்கவிடுவதில்லை என்றார். மூட்டையை நினைத்துப் பதில் சொன்னால் ஒரு மதிப்பெண், குடத்தை நினைத்துச் சொன்னால் வேறு மதிப்பெண். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுக் குறிப்பில் எழுதிவிடுகிறேன். நடக்கும் தூரத்தையும் இப்படித்தான், எந்தத் தெருமுனை வரை, எந்தக் கடை வரை என்று கேட்டுக் கணக்கிட்டுக்கொள்கிறேன்.

இதைவிடப் பெரிய சிக்கல், ஆளே கிடைக்காமல் போவது. நீர்நிலைக் கரையோரம் குடியிருந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. கைப்பேசி எண்களும் மாறிவிட்டன. நன்றாகத் தேறியவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு வர மாட்டார். மிகவும் நலிந்தவரை அழைத்து வர வீட்டில் ஆள் இருக்காது. இவ்விரு தரப்பினரையும் விட்டுவிட்டு, வந்தவர்களை மட்டும் எண்ணிச் சொல்லப்படும் எந்த முடிவின் மீதும் எனக்கு முழு நம்பிக்கை வருவதில்லை. ஆய்வில் சேர்ந்தவர்கள், மறுத்தவர்கள், பாதியில் விட்டவர்கள் என யாராக இருந்தாலும் உங்கள் அனுபவத்தை எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

காசிமேட்டிலிருந்து:

என் தந்தை விசைப்படகில் போகிறவர். ஜவ்வு விலகி நரம்பை அழுத்தியதால் இடது காலில் பிட்டத்திலிருந்து குதிகால் வரை வலி இழுத்துக்கொண்டிருந்தது. ஆய்வில் சேருகிறீர்களா என்று மருத்துவமனையில் கேட்டவுடன், எலிக்கு ஊசி போட்டுப் பார்ப்பதுபோல் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா அழத் தொடங்கிவிட்டார். அந்த இளம் மருத்துவர் பொறுமையாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெதர்லாந்தில் நடந்து 2007ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். கடுமையான கால் வலி 6 முதல் 12 வாரங்கள் நீடித்த 283 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு உடனே அறுவைச் சிகிச்சை செய்தார்கள். மற்றவர்களுக்கு மாத்திரை, பயிற்சி என்று தொடர்ந்து பார்த்தார்கள். ஓராண்டு முடிவில் இரு தரப்பிலும் 95 சதவீதம் பேர் தேறிவிட்டார்களாம். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குப் பிறகு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது உண்மைதான். ஆனால் முதலிலேயே செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது.

ஓராண்டில் இரண்டும் ஒன்றுதான் என்றால் எதற்குக் கத்தி என்று நான் நினைத்தேன். தந்தை வேறு கணக்குப் போட்டார். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். எப்படியும் கரையில்தான் இருக்கப் போகிறோம், அந்த நாட்களிலேயே அறுவைச் சிகிச்சை செய்து உடம்பைத் தேற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார். கால் வலி சில நாட்களிலேயே விட்டது. தடை நீங்கியதும் படகேறலாம் என்ற எண்ணம் மட்டும் பலிக்கவில்லை. பாரம் இழுக்க மருத்துவர் அனுமதிக்காததால் சில காலம் வலை பின்னிக்கொண்டிருந்தார். அக்கா, நீங்கள் கேட்கும் 10 கேள்விகளில் தடைக்காலத்தைப் பற்றி ஒன்றும் இல்லை என்பதை அவர் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்.

வியாசர்பாடியிலிருந்து, பணி ஓய்வு பெற்ற செவிலியர்:

தம்பி, கால் வலிக்குக் காத்திருக்கலாம் என்பது சரி. ஆனால் சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்பதைப் படிக்கிறவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தண்டுவடம் அடிபட்டவர்களின் வார்டில் வெகுகாலம் இருந்தவள் என்பதால், ஆய்வுகள் மாறமாற எங்கள் சிகிச்சைத் தாள்களும் மாறியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக்குப் பின், அடிபட்ட 8 மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கிலோவுக்கு 30 மில்லிகிராம் முதலில் ஏற்றி, பிறகு 23 மணி நேரத்துக்கு மணிக்கு 5.4 மில்லிகிராம் வீதம் ஏற்றும் வழக்கம் உலகெங்கும் பரவியது. ஏற்றுகிற எங்களுக்கு அது பெரும் நம்பிக்கையாக இருந்தது. ஆனால் கிருமித் தொற்றும் வயிற்றில் இரத்தக் கசிவும் கூடுவதாகத் தொடர்ந்து எழுதப்பட்டு, 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதலே அதைப் பரிந்துரைப்பதில்லை என்று கூறிவிட்டது.

எத்தனை கருவிகள் வந்தாலும், குண்டூசியும் பஞ்சும் வைத்துச் செய்யும் பரிசோதனைக்கு ஈடு இல்லை என்பது என் எண்ணம். நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, உடலின் ஒவ்வொரு பக்கத்திலும் 28 இடங்களில் தொட்டும் குத்தியும் பார்ப்பார்கள்; கடைசியாக ஆசனவாயைச் சுற்றிப் பார்ப்பார்கள். கட்டடத்திலிருந்து விழுந்த கொருக்குப்பேட்டை இளைஞர் ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே எங்கும் உணர்வில்லை. அந்த இடத்தில் மட்டும் பஞ்சு பட்டதும், "தெரியுது சார்" என்றார். காயத்தின் கடுமையைக் குறிக்கும் ஏ முதல் ஈ வரையிலான படிநிலைகளில், மருத்துவர் தாளில் எழுதியிருந்த 'ஏ' என்ற எழுத்தை அடித்துவிட்டு 'பி' என்று எழுதினார். கால் அசையவே இல்லையே, இதில் மகிழ என்ன இருக்கிறது என்று அவர் அண்ணன் என்னிடம் கேட்டார். முற்றிலும் அறுந்துபோன நிலைக்கும் ஏதோ ஓர் இழை மிஞ்சியிருக்கும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அவருக்கு விளக்கிச் சொல்ல வெகுநேரம் பிடித்தது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

செவிலியர் அம்மா எழுதியதைத் தொடர்ந்து ஒன்று சொல்ல வேண்டும். கழுத்துத் தண்டுவடக் காயத்தில் 24 மணி நேரத்துக்குள் அழுத்தத்தை நீக்குவது நல்லது என்று காட்டியது 2012இல் வெளியான ஆய்வு. குறைந்தது இரண்டு படிநிலைகளாவது முன்னேறியவர்கள் விரைந்து செய்தவர்களில் 19.8 சதவீதம், தாமதமாகச் செய்தவர்களில் 8.8 சதவீதம் என்பதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். சேர்ந்தவர்கள் 313 பேர். ஆறாம் மாதத்தில் விவரம் கிடைத்தவர்கள் 222 பேர்தான் என்பதைச் சொல்பவர்கள் குறைவு. குலுக்கல் முறையிலும் அது நடக்கவில்லை. அதற்காக அந்த முடிவை நான் தள்ளிவிடவில்லை. விரைந்து செய்வதே இன்று நடைமுறையாகவும் இருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து:

சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு எழுதுகிறேன். எனக்கு ஸ்க்ரூ வைத்து அறுவைச் சிகிச்சை செய்த இடத்தில் ஓராண்டு வரை அழைத்தார்கள். ஒவ்வொரு முறையும் கால் அசைகிறதா என்றுதான் கேட்டார்கள். அசையவில்லை என்பது முதல் அழைப்பிலேயே தெரிந்துவிட்ட பிறகு, எனக்கு முக்கியமானது படுக்கைப்புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஓராண்டு முடிந்ததும் அழைப்பும் நின்றது. என் பெரிய புண் அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரண்டு படுப்பதையும், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நானே குழாய் செருகிச் சிறுநீர் எடுப்பதையும் கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில்தான் முறையாகக் கற்றுக்கொண்டேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்பு எங்களைப் போன்றவர்களைக் கொன்றது இந்த இரண்டும்தான் என்று அங்கே சொன்னார்கள். ஆய்வு செய்கிறவர்களுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்தும் கேட்கவில்லை என்பதே என் வருத்தம்.

காசிமேட்டிலிருந்து:

ஐயா சொல்வதைப் படித்த பிறகு ஒரு கேள்வி. ஆய்வில் சேரத் தந்தை கையெழுத்திட்ட தாள் எங்களிடம் இல்லை. இடையில் விலகிக்கொள்ளலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து:

எப்போது வேண்டுமானாலும் விலகலாம் தம்பி. காரணம் சொல்லத் தேவையில்லை, சிகிச்சையும் குறையக் கூடாது. சிகிச்சைப் பரிசோதனை என்றால், 2007இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அது இருக்கிறதா என்று இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். 2009 ஜூன் முதல் அந்தப் பதிவு கட்டாயமாகிவிட்டது. ஐயா எழுதியதை எங்கள் ஆய்வாளரிடம் காட்டினேன். படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று இரண்டையும் வினாத்தாளில் சேர்க்க நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றார்; விண்ணப்பம் தயாராகிக்கொண்டிருக்கிறது. தந்தையின் ஒப்புதல் படிவத்தின் பிரதி உங்களுக்கு உரியது. ஆய்வாளரின் பெயரும் நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரமும் அதில் இருக்கும் என்பதால், அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.